மெத்தையை எடுத்தவர் யார்?

சென்ற இதழில் ராணுவப் பயிற்சியும் காயங்களும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, கட்டுரையாளர் தம் முழங்காலைப் பற்றிப் பெருமையோடு எழுதியிருக்கும் பத்தியில் கண் நின்றுவிட்டது. இளமையில் பயிற்சி முகாமில் வாங்கிய அடியாம். இன்றும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்குகிறாராம். ‘அது என் பதக்கம்’ என்கிறார். அந்த முழங்காலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், அந்தக் கால் உதைத்துத் தள்ளிய சில உண்மைகளைப் பொறுக்கி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

அவர் குறிவைத்திருப்பது ராட் போப் என்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்டை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வாகா வாகா நகரை அடுத்த கபூக்காவில், ஆஸ்திரேலியத் தரைப்படையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கான பயிற்சி முகாம் இருக்கிறது. 1990களில் போப் அங்கே பிசியோ. வலியோடு வந்தவர்களைக் கட்டிலில் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதோடு நிற்காமல், அவர்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தவர். பிற்பாடு சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இப்படிப்பட்ட ஒரு தொழில்வாழ்க்கையே வீண் என்பது கட்டுரையின் சாரம்.

குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, ராணுவப் பயிற்சி ஒரு சல்லடை. உடைகிறவன் உடையட்டும், மிஞ்சுகிறவன்தான் சிப்பாய். இரண்டு, ஆயிரத்தைந்நூறு பேரை வைத்து ஆராய்ந்து ‘ஸ்ட்ரெச்சிங்கால் பயனில்லை’ என்று கண்டுபிடித்தது மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. மூன்று, பெண்களுக்காக அணிநடையின் வேகத்தைக் குறைத்தது தரத்தில் செய்த கலப்படம். ‘அடுத்து தடைக்களத்தில் ரப்பர் மெத்தை விரிப்பார்கள்’ என்று ஒரு கிண்டல் வேறு. நான்கு, காயத் தடுப்பெல்லாம் கோடிகளில் ஏலம் போகும் ஆட்டக்காரர்களின் ஆடம்பரம். சாமானியனுக்கு மனவலிமை போதும்.

நான் கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் பிசியோதான். கபடி ஆடி லிகமென்ட் கிழிந்து வருகிற பையன்களையும், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிக் கணுக்கால் வீங்கி வருகிற பிள்ளைகளையும் தினம் பார்க்கிறவன். அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம். எண்களைப் பாருங்கள்.

சல்லடையிலிருந்து தொடங்குவோம். சல்லடை என்றால் அது எதையாவது தரம் பிரிக்க வேண்டும். நெல்லும் பதரும் பிரிய வேண்டும். பயிற்சியில் உடையும் எலும்பு எதைப் பிரிக்கிறது? கோழையையும் வீரனையுமா? எலும்பு உயிருள்ள பொருள். திடீரென்று புதுப் பாரம் ஏறினால் அது தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிற கொத்தனார் முதலில் காரையைப் பெயர்ப்பார், பூச்சு பிறகுதான். எலும்பும் அப்படியே. பெயர்ப்பு சில வாரங்களில் நடந்துவிடும்; கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். நடுவில் இருக்கிற அந்த வாரங்களில், முன்பைவிட வலுக்குறைந்த எலும்பின் மேல் முன்பைவிட அதிகப் பாரம் ஏறுகிறது. அப்போது விழுகிற மயிரிழை விரிசலைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறோம். வலிக்கிறது என்று இரண்டாம் நாளே உட்கார்ந்துவிடுகிறவனுக்கு அந்த விரிசல் பெரிதாகாது. பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் ஓடுகிறவனுக்குத்தான் அது முழு முறிவாகும். கட்டுரையாளரின் சல்லடை நெல்லைக் கீழே தள்ளிவிட்டுப் பதரை மேலே வைத்துக்கொள்கிறது.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுநடை போன சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். மென்திசுவில் வந்த அழற்சி என்றுதான் அவர் நினைத்தார். 1895இல் எக்ஸ்ரே வந்தது. 1897இல் ஷ்டெஹோ என்ற இன்னொரு ராணுவ மருத்துவர் அந்தப் பாதங்களைப் படம் பிடித்தபோது தெரிந்தது: உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது. ஆக, 42 ஆண்டுகளாக, முறிந்த எலும்போடு நின்ற சிப்பாய்களுக்கு ‘வெறும் வீக்கம்தான்’ என்று சொல்லப்பட்டு வந்தது. அவர்களிடம் மனவலிமைக்கா குறைச்சல்? குறைச்சல் இருந்தது பார்க்கிற கண்ணில்.

‘உடல்தகுதி குறைந்தவன்தானே அதிகம் அடிபடுகிறான்? போப்பே அப்படித்தானே எழுதினார்?’ என்று கட்டுரையாளர் மடக்கலாம். ஆமாம், எழுதினார். சேரும்போது ஓட்டத்தில் பின்தங்கியவர்களுக்குக் காயம் கணிசமாக அதிகம் என்பது கபூக்காவில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. அதை அளக்க என்ன வேண்டும்? 20 மீட்டர் இடைவெளியில் தரையில் இரண்டு கோடு, ஒலி எழுப்ப ஒரு கருவி. அந்தக் கோடுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடவிட்டால் அரை மணிக்குள் தெரிந்துவிடும். சல்லடைதான் வேண்டுமென்றால் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாமே? பின்தங்கியவனுக்கு நாலு வாரம் முன்பயிற்சி கொடுத்தும் சேர்க்கலாம். அதை விட்டுவிட்டு, அவனைச் சேர்த்து, சோறு போட்டு, உடை கொடுத்து, எட்டாம் வாரம் இடுப்பெலும்பை உடைத்து வீட்டுக்கு அனுப்புவது என்ன சல்லடை? அது அரைவை எந்திரம்.

இரண்டாவது, எலி பிடித்த கதை. அந்த ஆய்வைக் கட்டுரையாளர் படிக்கவில்லை, அதன் முடிவை மட்டும் எங்கோ கேட்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டில் போப்பும் ராப் ஹெர்பெர்ட் முதலான சகாக்களும் வெளியிட்டது அது. புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிளட்டூன் பிளட்டூனாகப் பிரித்தார்கள். 735 பேர், 12 வாரமும் ஒவ்வொரு வார்ம் அப்பிலும், காலின் ஆறு முக்கியத் தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றும் 20 விநாடி மேற்பார்வையோடு நீட்டினார்கள். மீதி 803 பேர் வார்ம் அப் மட்டும் செய்தார்கள், ஸ்ட்ரெச்சிங் கிடையாது. முடிவில் நீட்டியவர்களில் 158 பேருக்குக் காலில் காயம்; நீட்டாதவர்களில் 175 பேருக்கு. இரு பக்கமும் நூற்றுக்குச் சுமார் 22.

இந்த இரண்டு எண்களில் ஒன்றை மறைத்துவிட்டுப் பாருங்கள். நீட்டிய பிளட்டூன்கள் மட்டும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘பார்த்தீர்களா, ஸ்ட்ரெச்சிங் செய்ததால் நூற்றுக்கு 78 பேர் தப்பித்தார்கள்’ என்று மார்தட்டியிருப்போம். நானே தட்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடப் பையன்களை வரிசையில் நிறுத்தி, குனிந்து கால் விரலைத் தொடச் சொல்லி, ‘இதைச் செய்தால் அடிபடாது’ என்று உறுதி கொடுத்தவன் நான். அடிபட்டவனிடம் ‘நீ ஒழுங்காக நீட்டவில்லை’ என்றும் சொல்லியிருக்கிறேன். பிழை என்னுடையது, ஏச்சு அவனுக்கு. அந்த ஏச்சுக்கு அடிப்படையே கிடையாது என்று எனக்குக் காட்டியது அந்த மறுபக்கத்து 803 பேர். எலி என்கிறாரே, அந்த எலி இத்தனை நாள் யாருடைய களஞ்சியத்தைத் தின்றுகொண்டிருந்தது என்று யோசிக்க வேண்டாமா?

ஒரு வழி அடைபட்டால்தான் அடுத்த வழியைத் தேடுவார்கள். 2014இல் லௌர்சன் என்பவரும் சகாக்களும், 26,610 பேர் பங்குகொண்ட 25 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஸ்ட்ரெச்சிங்கால் காயம் குறைந்ததற்குச் சான்று இல்லை. தசை வலுவேற்றும் பயிற்சியால் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயின. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பின்தொடைத் தசைக்கான ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். முழங்காலில் நின்றபடி, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல முன்னால் சாய்வது. நார்டிக் பயிற்சி என்பார்கள். செய்யாத பக்கம் திடீரென வந்த பின்தொடைக் காயங்கள் 52, செய்த பக்கம் 15. பிரிட்டிஷ் தரைப்படையில் 1,502 பேரை வைத்துச் செய்த சோதனையில், வலுவேற்றமும் நீட்டலும் கலந்த எளிய பயிற்சிகளைச் செய்தவர்களில் 10 பேருக்கு முன்முழங்கால் வலி வந்தது, வழக்கமான வார்ம் அப்போடு நின்றவர்களில் 36 பேருக்கு. ‘ஸ்ட்ரெச்சிங் போதும்’ என்று உலகம் நிம்மதியாகத் தூங்கியிருந்தால் இந்த எண்களில் ஒன்றும் பிறந்திருக்காது.

தோற்ற சோதனையும் அச்சேறுகிற தொழில் இது. டென்மார்க்கின் அரச மெய்க்காவல் படையில் சேர்ந்த 1,020 பேரிடம் ஒரு தடுப்புப் பயிற்சித் திட்டத்தைச் சோதித்து, அது பலிக்கவில்லை என்று 2008இல் எழுதினார்கள். கட்டுரையாளரின் வகையறா ஆராய்ச்சியில் இந்தச் சங்கடம் வராது. ‘எங்கள் காலத்தில் யாருக்கு அடிபட்டது?’ என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் நடந்து வந்தவர்கள்.

மூன்றாவது, கலப்படம். கபூக்காவில் பயிற்சிக்கு வந்த பெண்களில் நூற்றுக்கு 11.2 பேருக்கு இடுப்பெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்தது. நூறு பேர் கொண்ட அணியில் 11 பேருக்கு இடுப்பில் விரிசல் என்பதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். காரணம் மர்மம் ஒன்றுமில்லை. மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில், அணியோடு ஒரே அடியாக நடக்க வேண்டும். குட்டையான பெண் நெட்டையனின் காலடியை எட்டிப்போட வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பில் கூடுதல் இழுப்பு, ஆயிரக்கணக்கான எட்டுகள். 1999இல் போப் எழுதிய ஆய்வு சொல்லும் மாற்றங்கள் இவை: வேகம் 5 கிலோமீட்டர் ஆனது, அவரவர் காலுக்கு ஏற்ற எட்டு வைக்க விட்டார்கள், நடையும் ஓட்டமும் மென்தரைக்கு மாறின, நீளமான ஓட்டத்தின் இடத்தில் விட்டுவிட்டு ஓடும் பயிற்சி வந்தது. 11.2 என்பது 0.6 ஆயிற்று. அதே ராணுவம், அதே முகாம். மாறியது அட்டவணை. பலவீனம் பெண்ணின் எலும்பில் இருந்திருந்தால் அட்டவணையை மாற்றி அதைக் குணப்படுத்தியிருக்க முடியுமா?

‘ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்’ என்று கட்டுரையாளர் கேட்கிறார். அதையும் ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. 1990களின் கடைசியில் பிரிட்டிஷ் தரைப்படை ஆண் பெண் வேறுபாடு பாராமல் ஒரே பயிற்சியைக் கொண்டுவந்தது. மிகைப் பயன்பாட்டுக் காயங்களால், மருத்துவக் காரணத்தின் பேரில் விலக்கப்பட்ட பெண்களின் பங்கு 4.6 விழுக்காட்டிலிருந்து 11.1 ஆக ஏறியது. ஆண்களுக்கு அது 1.5க்கும் கீழேயே நின்றது. சமத்துவம் என்ற பெயரில் எல்லோருக்கும் ஒரே நம்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, கொப்புளம் வந்தவளைப் பார்த்து ‘உன் கால் சரியில்லை’ என்று சொன்ன கதை இது.

இனி அந்த ரப்பர் மெத்தை. இந்தக் கிண்டலுக்காகக் கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் ஐயா, ரப்பர் மெத்தை ஏற்கெனவே விரித்தாயிற்று. கபூக்காவின் தடைக்களத்திலேயே விரித்திருந்தார்கள். அங்கே வீரர்களுக்கு முழங்காலின் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிய ஆரம்பித்தது. பாதத்தைத் தரை பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, நடுவில் முழங்கால் மாட்டிக்கொண்டால் கிழிவது அந்த லிகமென்ட். கபடி ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தடைக்களத்து ரப்பர் விரிப்பு ஏ.சி.எல். கிழிசலை உண்டாக்குகிறது, அதை அகற்றினால் கிழிசல் நின்றுவிடுகிறது என்று 2002இல் ‘மிலிட்டரி மெடிசின்’ இதழில், தலைப்பிலேயே முடிவைப் போட்டு எழுதினார் ஒருவர். யார் தெரியுமா? நீங்கள் ‘மெத்தை விரிக்கிறவர்’ என்று கேலி செய்த அதே ராட் போப்.

அவருடைய தொழில்வாழ்க்கையின் குணம் அந்த ஒரு சம்பவத்தில் தெரிகிறது. மென்மைக்கோ கடுமைக்கோ அவர் வக்கீல் அல்ல. நடை வேகம் இடுப்பை உடைத்தபோது வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. மெத்தை முழங்காலைக் கிழித்தபோது மெத்தையை எடுக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சிங் ஒன்றுக்கும் உதவாதபோது, தன் தொழிலே கொண்டாடிய பழக்கம் என்றும் பாராமல் அப்படியே எழுத வேண்டியிருந்தது. எண்ணிக்கை எங்கே இழுத்ததோ அங்கே போனார். கட்டுரையாளரோ முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு எண்களைத் தேடப் போகிறவர். அவருக்கு இது கொள்கையில்லாத செயலாகத்தான் தெரியும்.

நான்காவது, ஆடம்பரம். வேகத்தைக் குறைக்க என்ன செலவு? விரிப்பைச் சுருட்டி ஓரம் வைக்க என்ன செலவு? கால்பந்தில் ‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட வார்ம் அப் திட்டத்தை, நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 சிறுமிகளிடம் சோதித்தார்கள். அதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். தரையும் ஒரு பந்தும் போதும். அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்த கால் காயங்களின் குறைவு, சந்தேகமறச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. அதை ஒளிக்காமல் எழுதினார்கள். ஆனால் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. உண்மையான ஆடம்பரம் எது என்று நான் சொல்கிறேன். பாதத்தின் வளைவைப் பார்த்து ஆளுக்கொரு வகை ஓட்டக் காலணி வாங்கச் சொன்னார்களே, அதை அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் சோதித்தார்கள். காயம் குறையவில்லை. ஆடம்பரத்தைத் தோலுரித்ததும் இதே ஆராய்ச்சிதான்.

கட்டுரையாளர் சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. எங்கள் தொழிலில் கடை விரிப்பவர்கள் உண்டு. வண்ண நாடா ஒட்டினால் காயம் வராது, இந்த விளக்கு எந்திரத்தில் நின்றால் காயம் வராது என்று சோதனை எதுவும் இல்லாமல் விற்கிறார்கள். அவர்களை அவர் திட்டியிருந்தால் நானும் கூட நின்று திட்டியிருப்பேன். கபூக்கா இடுப்பெலும்பு ஆய்வில் ஒப்பிட மறுதரப்பு கிடையாது. முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்ற கணக்குதான். பல மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. இருபது வயது சிப்பாயின் காலில் கண்டதை ஐம்பது வயதில் காலை நடை போகிறவரின் காலுக்கு அப்படியே சூட்டவும் முடியாது. இவையெல்லாம் எழுப்பியிருக்க வேண்டிய கேள்விகள். ஆய்வைப் படித்திருந்தால் எழுப்பியிருப்பார்.

இப்போது அந்த முழங்கால். தம்மோடு பயிற்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் பாதியிலேயே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். ‘பெயர்கூட நினைவில்லை’ என்கிறார். பெயர் வேண்டாம் ஐயா. ஐந்து பேருக்கும் மூன்றே மூன்று விவரம் போதும்: எந்த எலும்பு, எத்தனையாவது வாரம், அன்றைக்கு என்ன பயிற்சி. ஐவரில் மூவருக்கு அதே எலும்பு, அதே வாரம் என்று தெரிந்திருந்தால் அவர்கள் பதரா, அட்டவணை பிழையா என்று அன்றே தெரிந்திருக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை. கபூக்காவில் ஒரு பிசியோ எழுதி வைத்தார். அந்த நோட்டில் உங்கள் முழங்காலுக்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால், உங்களுக்கு அடுத்த அணியில் வந்த பையன் இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கிக்கொண்டிருப்பான்.